தலைவர் எங்க உட்காரணும்

தலைவர் வீடு இதுதாம்மா. சரியாத்தான் வந்திருக்கீங்க. ஆனா தலைவர் இங்க இல்ல.

உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க. போர்டப் பாத்துட்டு வந்திருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. ‘பூமாரி சீனிராஜ், ஊராட்சி மன்றத் தலைவர்’. அதுல இருக்கிற சீனிராஜ் நான்தான். பூமாரி என் சம்சாரம். அவ இப்ப இருக்கிறது கிழக்குத் தெருவுல, சத்துணவுக்கூடத்த ஒட்டி ஒரு ஓட்டு வீடு. அங்க போர்டு கிடையாது. அதனால அவளத் தேடி வர்றவங்க எல்லாம் மொதல்ல இங்கதான் வருவாங்க. நான் வழி சொல்லி அனுப்புவேன். பழகிப்போச்சு.

நீங்க எங்கிருந்தும்மா? மதுரையா. என்னது, விருதா? அரசியல் சட்டமும் குடிமையியலும் நல்லா நடத்துற வாத்தியார்களுக்கா? அப்படியெல்லாம் குடுக்கிறாங்களா. கணக்கு வாத்தியாருக்குக் குடுப்பாங்க. ரிசல்ட் காட்டுற ஹெச்.எம்.முக்குக் குடுப்பாங்க. குடிமையியலுக்கு விருதுன்னு இப்பத்தான் கேள்விப்படுறேன். எங்க காலத்துல அந்தப் பாடத்த வாத்தியாரே புரட்ட மாட்டார். பரீட்சைக்கு முந்தின நாள் வந்து, இங்க கோடு போட்டுக்கோ, அங்க கோடு போட்டுக்கோம்பார். முடிஞ்சது.

யாருக்குக் குடுக்கப் போறீங்க?

ஓ. பியூலா டீச்சருக்கா.

உட்காருங்கம்மா. காப்பி போடுறேன். இப்ப நானே போட்டுக்கிறதுதான். சீனி கூடிப்போச்சுன்னா சொல்லுங்க, எனக்கு இன்னும் அளவு பிடிபடல. டீச்சரப் பத்தி ஊர்ல விசாரிக்கணும்னா என்கிட்டயும் விசாரிக்கணும். என்கிட்டத்தான் மொதல்ல விசாரிக்கணும். அந்தம்மா நடத்துன பாடத்துல அதிகமா இழந்தவன் இந்த ஊர்ல நான்தான்.

நான் ஊருக்கு ஒண்ணும் செய்யாதவன் இல்லம்மா. நீங்க வந்த மினி பஸ் ஊருக்குள்ள வந்து திரும்புதுல்ல, அது நான் அலைஞ்சு வாங்கினது. ஊர் முக்குல இருக்கிற உரக்கடை என்னோடதுதான். கடையில உக்காந்ததவிட யூனியன் ஆபீஸ் வாசல்ல நின்ன நேரம் கூட. ஒரு தடவையாவது தலைவராகணும்னு ஆசை. அது தப்பா? ஆகுற நேரம் பாத்து எங்க ஊராட்சிய பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. என்ன செய்யச் சொல்றீங்க. எல்லா ஊர்லயும் என்ன செய்றாங்களோ அதத்தான் செஞ்சேன். பூமாரிய நிறுத்தினேன்.

எனக்கு இதெல்லாம் தெரியாதே, வேணாமேன்னுதான் சொன்னா. நீ ஒண்ணும் செய்ய வேணாம், கையெழுத்து மட்டும் போடு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்னேன். போஸ்டர்ல என் படம் பெருசா, அவ படம் ஓரத்துல. ஜெயிச்சோம். ஜெயிச்சோம்னா, விழுந்த ஓட்டு யாருக்கு விழுந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். ஆபீஸ்ல நாற்காலியில நான் உக்காருவேன். கிளார்க்கு, டேங்க் ஆபரேட்டரு, மேல இருந்து வர்ற அதிகாரிங்க, எல்லாரும் என்னத்தான் தலைவரேம்பாங்க. அவள நான் ஒரு கஷ்டமும் பட விட்டதில்லம்மா. கையெழுத்து வேணும்னா அடுப்படிக்கே கொண்டு போய்க் குடுப்பேன். முந்தானையில கையத் துடைச்சுட்டுப் போட்டுக் குடுப்பா. என்ன ஏதுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. அவ்வளவு நம்பிக்கை என் மேல.

அப்படி இருந்த வீட்டுக்குள்ளதான் அந்தம்மா வந்தாங்க. வந்தாங்கன்னா வீட்டுக்கு வரல. எங்க ஊர் ஹைஸ்கூலுக்கு சோசியல் டீச்சரா வந்தாங்க. தூத்துக்குடிப் பக்கம். சின்ன உருவம். பழைய ஸ்கூட்டி ஒண்ணு. குரல் மட்டும் கணீர்னு ரோட்டு வரைக்கும் கேக்கும். என் மக சுபிதா அப்ப பத்தாவது. ஒரே மக.

சுபிதாவப் பத்தி நான் சொல்லணும். நடக்கப் பழகுன நாள்ல இருந்து என் வண்டியில முன்னாடி நின்னுக்கிட்டுத்தான் ஊர் சுத்துவா. கடையில என் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. பேச்சுப்போட்டியில மாவட்ட அளவுல ஜெயிச்சப்ப பஸ் ஸ்டாண்டுல ஃபிளெக்ஸ் வச்சேன். என் படம் கொஞ்சம் பெருசாப் போயிருச்சு, பிரஸ்காரன் செஞ்ச வேலை. அவ சிரிச்சா. ‘அப்பா, ஜெயிச்சது நானா நீங்களா’ன்னு கேட்டா. வேடிக்கைக்குத்தான் கேட்டா.

டீச்சர் எப்படி நடத்துனாங்கன்னுதானே கேக்குறீங்க. சொல்றேன். இல்லாதத சொல்ல மாட்டேன். அரசியல் சட்டத்துக்கு ஒரு முகப்புரை இருக்குல்ல, ‘இந்திய மக்களாகிய நாம்’னு ஆரம்பிக்கும். மத்த வாத்தியாருங்க அத மனப்பாடம் பண்ணச் சொல்லுவாங்க. இவங்க அந்த ‘நாம்’ங்கிற ஒரு வார்த்தையில நிறுத்திட்டாங்களாம். இந்த ஊர்ல அந்த ‘நாம்’ல யாரெல்லாம் இருக்காங்க, போய்ப் பாத்துட்டு வாங்கன்னு புள்ளைகள அனுப்பிச்சிட்டாங்க. புள்ளைங்க ஊரெல்லாம் சுத்திச்சு. சுத்திட்டு வந்து, செங்கச் சூளையில ஒடிசாக்காரங்க புள்ளைங்க மண்ணு சுமக்குது, அதுக நம்மள்ல இருக்கா இல்லையான்னு கேட்டிருக்குக. டீச்சர் பதில் சொல்லல. நீங்களே யோசிங்கன்னுட்டாங்க. அடுத்த வாரம் அந்தப் புள்ளைகள ஸ்கூல்ல கொண்டாந்து சேத்துட்டாங்க. யாரு? என் மகளும் அவ வகுப்புப் புள்ளைகளும். சூளைக்காரன் என்கிட்ட வந்து சத்தம் போட்டான். நான் அவனத்தான் திட்டி அனுப்பினேன். உண்மையிலேயே எனக்கு அப்பப் பெருமைதாம்மா. கடைக்கு வர்றவங்க முன்னாடி அவள அந்த முகப்புரையச் சொல்லச் சொல்லுவேன். ‘சமத்துவம்’னு சொல்ற இடத்துல அவ குரல் ஒரு மாதிரி ஏறும். எனக்குப் புல்லரிக்கும்.

இன்னொரு நாள் சாப்பிட உக்காந்திருக்கோம். வீட்டுப்பாடம்ப்பான்னா. ‘நம்ம வீட்டுல கடைசியா எடுத்த பெரிய முடிவு என்ன, அத யார் எடுத்தாங்க, யாரயெல்லாம் கேட்டாங்க?’ இதுதான் கேள்வி. பசுமாட்ட வித்தோம், நான்தான் எடுத்தேன், இதுல யாரக் கேக்கணும்னேன். அம்மாதானேப்பா மாட்டப் பாத்துக்கிட்டாங்க, அம்மாவக் கேட்டீங்களான்னா. பூமாரி அந்தப் பக்கம் ரசம் ஊத்திக்கிட்டு இருந்தா. ‘கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்’னா. தலையக்கூட நிமித்தல. நான் சிரிச்சுட்டேன். புள்ள நோட்டுல அதையும் எழுதிக்கிட்டா. வீட்டுக்குள்ள நடக்கிறது பாடமாம்மா? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் நவம்பர் மாசம், அரசியல் சட்ட நாளுன்னு ஸ்கூல்ல விழா. புள்ளைங்க கேள்வி கேக்கும், ஊராட்சித் தலைவர் வந்து பதில் சொல்லணும்னு அழைப்பு. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். டீச்சர் வாசல்லயே நின்னாங்க. மரியாதையாத்தான் கும்பிட்டாங்க. ‘வாங்க சார், தலைவர் வரலையா?’ன்னாங்க. அதான் நான் வந்திருக்கேனேன்னேன். ‘நீங்க உக்காருங்க சார். புள்ளைங்க தலைவருக்காகக் காத்திருக்காங்க’ன்னாங்க.

காத்திருந்தாங்கம்மா. அத்தனை புள்ளைகளும் மணல்ல வரிசையா உக்காந்து, சத்தமே போடாம. ஹெச்.எம். கையப் பிசையிறார். நான் முன்வரிசையில உக்காந்து கர்ச்சீப்பால முகத்தத் துடைக்கிறேன். கடைசியில வேற வழியில்லாம நானே ஆள் அனுப்பி பூமாரியக் கூட்டியாரச் சொன்னேன். வீட்டுச் சேலையோட வந்தா. அவ உள்ள வரவும் புள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு நின்னுச்சு. அவ பின்னாடி திரும்பிப் பாத்தா, யாருக்கு எந்திரிக்கிறாங்கன்னு.

கேள்வி கேட்டாங்க. தண்ணி டேங்க எப்பக் கழுவினாங்க. காலனித் தெருவுல ஏன் லைட்டே இல்ல. கிராம சபையில நீங்க ஏன் பேசறதே இல்ல. பூமாரிக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். பக்கத்துல இருந்து எடுத்துக் குடுக்கலாம்னு வாயத் தொறந்தேன். டீச்சர் என்னப் பாத்தாங்க. பாத்தாங்க, அவ்வளவுதான். பூமாரி ‘எனக்குத் தெரியல. விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்’னா. எனக்கு மானம் போச்சு. அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? புள்ளைகளப் பாத்து, ‘பதவியில இருக்கிறவங்க சொல்லக்கூடிய ரொம்ப நேர்மையான பதில் இது, எழுதிக்கோங்க’ன்னாங்க. புள்ளைங்க எழுதிக்கிச்சு.

பூமாரி விசாரிச்சா. என்கிட்ட இல்ல, டேங்க் ஆபரேட்டர்கிட்ட. மறு வாரம் ஸ்கூலுக்குத் தனியாப் போய்ப் புள்ளைகளுக்குப் பதில் சொல்லிட்டு வந்திருக்கா. எனக்கு அது பின்னாலதான் தெரியும். அதுக்கப்புறம் சாயங்காலம் ஆனா டீச்சர் வீட்டுக்குப் போக ஆரம்பிச்சா. எங்க போறேன்னு கேட்டேன். படிக்கப் போறேன்னா. எட்டாவதோட நிறுத்துனவ. ‘இனிமே படிச்சு என்ன, கலெக்டராவா ஆகப் போற?’ன்னு கேலி பண்ணேன்.

‘தலைவராத்தான்’னா.

வெளக்கமாத்த மூலையில சாத்தி வச்சுக்கிட்டே சொன்னா. எனக்கு அப்பக்கூட உறைக்கல. விளையாட்டுக்குச் சொல்றான்னு விட்டுட்டேன்.

பிறகு அடுப்படியில கையெழுத்துக்கு நீட்டினா, வாங்கி ஓரமா வச்சுருவா. படிச்சுட்டுப் போடுறேம்பா. என் மேல சந்தேகமான்னு கேட்டேன். ‘சந்தேகம் இல்ல. என் பேருல போகுதில்ல’ன்னா. நான் தப்பு எதுவும் செய்யலம்மா. யார் வந்து தோண்டினாலும் ஒத்த ரூபா தப்பு இருக்காது. அதனாலதான் வலிச்சுச்சு. தப்பு செய்யாதவன எதுக்குப் படிச்சுப் பாக்கணும்?

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. குடியரசு தினத்து கிராம சபைக்கு வாங்க.

சமுதாயக்கூடத்துக்கு முன்னாடி பந்தல். மேடையெல்லாம் இல்ல, தரையிலதான். எனக்குக் கைப்பிடி வச்ச நாற்காலி, டவல் விரிச்சு. பக்கத்து நாற்காலியில யூனியன்ல இருந்து வந்த அதிகாரி. பூமாரி எப்பவும்போல பொம்பளைங்க பக்கம் ஜமக்காளத்துல. டீச்சர் ஸ்கூல் புள்ளைகளக் கூட்டியாந்து ஓரமா உக்கார வச்சிருந்தாங்க. கிராம சபை எப்படி நடக்குதுன்னு பாக்கிறதுக்கு. வேடிக்கை மட்டும் பாக்கணும், பேசக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்க. அத என் காதாலயே கேட்டேன்.

கூட்டம் பாதியில அதிகாரி, வேற யாருக்காவது கேள்வி உண்டான்னு கேட்டார். சும்மா கேக்கிறதுதான், யாரும் கேக்க மாட்டாங்க. சுபிதா எந்திரிச்சா. டீச்சர் அவ கையப் பிடிச்சு, உக்காரும்மான்னு மெதுவாச் சொன்னாங்க. அதையும் பாத்தேன். ‘ஒரே ஒரு கேள்வி டீச்சர்’னுட்டு நேரா முன்னாடி வந்துட்டா. மைக்கு எனக்கு முன்னால இருந்துச்சு. அதுகிட்ட வந்து நின்னா. பேச்சுப்போட்டிக்கு நிப்பால்ல, அதே மாதிரி கையக் கட்டிக்கிட்டு.

‘கிராம சபையில தலைவர் எங்க உக்காரணும்?’

யாரோ சிரிச்சாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், போய் உக்காருன்னேன். நல்லவிதமாத்தான் சொன்னேன். அவ போகல. கண்ணெல்லாம் தண்ணி. ஆனா குரல் நடுங்கல.

‘அப்பா, நான் உங்களக் கேக்கல. தலைவரக் கேக்குறேன்.’

அடிச்சுட்டேன்.

ஒரு அடிதாம்மா. பெத்தவன் அடிக்காம யார் அடிப்பா? ஊர்ல எந்த அப்பன் அடிக்கல? எங்கப்பன் என்னை அடிச்ச அடிக்கு இதெல்லாம் ஒரு அடியா? பக்கத்துல மைக்கு இருந்துச்சு, அதான். அந்தச் சத்தம் ஸ்பீக்கர் வழியா ஊர் முழுக்கப் போயிருச்சு. வயக்காட்டுல வேலை பாத்தவங்களுக்குக்கூடக் கேட்டுச்சாம். அது மைக்கால வந்த வினை. மைக்கு இல்லாட்டி அவ்வளவு பெருசாத் தெரிஞ்சிருக்காது.

அவ அழல. கன்னத்துலகூட கைய வைக்கல. என்னையே பாத்துக்கிட்டு நின்னா. சின்னதுல கடையில என் தோள்ல சாஞ்சு தூங்கும்ல, முழிச்சு எங்க இருக்கோம்னு புரியாமப் பாக்கும்ல, அந்தப் பார்வை.

பூமாரி எந்திரிச்சு வந்தா. மகளப் பிடிச்சுத் தன் பின்னால நிறுத்திக்கிட்டா. நாற்காலிக்கு முன்னால வந்து நின்னு, ‘எந்திரிங்க’ன்னா. சத்தமே இல்லாம, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிதான் சொன்னா. எப்படிம்மா எந்திரிக்கிறது? ஊரே பாக்குது. நான் எந்திரிச்சா அப்புறம் நான் யாரு? கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருந்தேன். அவ சண்டை போடல. மகளக் கூட்டிக்கிட்டுத் திரும்பப் போய் அந்த ஜமக்காளத்துலயே உக்காந்துக்கிட்டா. கிளார்க்கப் பாத்து, ‘கூட்டம் இன்னும் முடியல. அடுத்த பொருளப் படிங்க’ன்னா.

கிளார்க்கு என்னப் பாத்தான். அதிகாரியப் பாத்தான். அதிகாரி குனிஞ்சுக்கிட்டார். கிளார்க்கு மைக்க எடுத்துக்கிட்டு அவகிட்டப் போனான். அப்ப ஒண்ணு நடந்துச்சும்மா. அவ பேசறது கேக்கணும்ல, அதுக்காக முதல்ல பொம்பளைங்க அவ பக்கம் திரும்பி உக்காந்தாங்க. அப்புறம் ஆம்பளைங்களும் ஒவ்வொருத்தரா. ஊரே எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருச்சு. ராமுத்தேவன்னு ஒருத்தன், எலெக்‌ஷன்ல எனக்காகச் சோறு தண்ணி இல்லாம சுத்துனவன், அவனும் திரும்பிட்டான். அவன் சட்டையில முதுகுப்பக்கம் ஒரு கிழிசல். கூட்டம் முடியிற வரைக்கும் நான் அந்தக் கிழிசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அவ போட்ட மொதத் தீர்மானம் காலனித் தெரு லைட்டு. எல்லாரும் கை தூக்கினாங்க. பின்னால இருந்து பாக்கையில எல்லாக் கையும் தெரிஞ்சுச்சு.

கூட்டம் முடிஞ்சு ரெண்டு பேரும் இங்க வரல. கிழக்குத் தெருவுல பூட்டிக் கிடந்த அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. மறுநாள் பூமாரி மட்டும் வந்து துணிமணி எடுத்தா. கோவம் ஆறினதும் வந்துருவாங்கன்னு இருந்தேன்.

வரலைன்னதும் மனு குடுத்தேன். ஆமா, நான்தான். பாடம் நடத்த வந்தவங்க குடும்பத்துக்குள்ள புகுந்து புள்ளைகளத் தூண்டிவிடுறாங்கன்னு கல்வி ஆபீஸ்ல மனு. நாலு பேர்கிட்டக் கையெழுத்தும் வாங்கினேன். எனக்கு அந்தம்மா மேல விரோதம் இல்ல. அவங்க போயிட்டா எல்லாம் பழையபடி ஆயிரும்னு நினைச்சேன். கடலோரத்துல ஒரு ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. நீங்க அங்கதான் அவங்களப் போய்ப் பாத்திருப்பீங்க.

போற அன்னைக்கு புள்ளைங்க ஸ்கூட்டியச் சுத்தி நின்னுக்கிட்டு விடவே இல்ல. நான் எதிர்த்தாப்புல என் கடையில நின்னேன். அந்தம்மா ஸ்கூட்டிய நிறுத்திட்டு ரோட்டக் கடந்து என்கிட்ட வந்தாங்க. கண்ணு வீங்கியிருந்துச்சு. ‘சார், உங்களப் பத்தி சுபிதாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. புத்தகத்துல இருக்கிறதத்தான் நடத்தினேன்’னாங்க. நான் எங்கயோ பாத்துக்கிட்டு நின்னேன். போகப் போனவங்க திரும்பி, ‘அந்த அடிக்காக அவகிட்ட வருத்தம் தெரிவிச்சீங்களா?’ன்னு கேட்டாங்க.

என்ன கேள்விம்மா இது? அப்பன் மககிட்ட வருத்தம் தெரிவிக்கிறதா? எந்தப் பாடத்துல இருக்கு? நான் கடைக்குள்ள திரும்பிட்டேன். அவங்களும் நிக்கல.

பத்தாவது முடிச்சதும் சுபிதா பதினொண்ணு படிக்க அந்தக் கடலோரத்து ஊருக்கே போறேன்னுட்டா. ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு. போறதுக்கு முன்னால இங்க வந்தா. நான் உள்ள, இதோ நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்திருந்தேன். வாசல்ல நின்னு, ‘உள்ள வரலாமா?’ன்னு கேட்டா.

பொறந்த வீட்டுலம்மா. என் மக. உள்ள வரலாமான்னு.

வான்னேன். அவ சர்டிபிகேட்டு, பேச்சுப்போட்டிக் கோப்பை எல்லாம் பையில எடுத்து வச்சா. உசரமாயிட்டா. முகம் என்னை உரிச்சு வச்ச மாதிரி. வாசப்படிகிட்டப் போய்த் திரும்பினா. ‘அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ப்பா’ன்னா. என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா ஊர் முன்னால என்னத் தலைகுனிய வச்சது அவதானே? ‘மொதல்ல நீ சொல்லு’ன்னேன். பையத் தூக்கிக்கிட்டா. சரிப்பான்னுட்டுப் போயிட்டா. பஸ் ஏத்திவிட நான் போயிருக்கலாம். போகல. பஸ் போற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு.

அவளா விழாவுல பேசப் போறா? டீச்சரப் பத்தியா? நல்லாப் பேசுவாம்மா. ஒரு தடவை பேச்சக் கேட்டா விட மாட்டீங்க. தண்ணி மட்டும் பக்கத்துல வச்சிருங்க, பாதியில தொண்ட கட்டும் அவளுக்கு. அந்த விழாவுக்கு யார் வேணாலும் வரலாமா? இல்ல, சும்மாதான் கேட்டேன். கடைய விட்டுட்டு எங்க வர்றது.

விருது குடுங்கம்மா. தாராளமாக் குடுங்க. வேணாம்னு சொல்றதுக்காக இவ்வளவும் சொல்லல. அந்தம்மா நல்லாத்தான் நடத்தினாங்க. கொஞ்சம் சுமாரா நடத்தியிருந்தா என் குடும்பம் என்கிட்ட இருந்திருக்கும்.

பூமாரியா? நல்லா நடத்துறா. நான் பொய் சொல்ல மாட்டேன். இப்ப கிராம சபைக்கு நிக்க இடமில்லாத கூட்டம். நான் போறதில்ல. பதவிக்காலம் முடிஞ்சா வந்துருவா. அந்த நாற்காலிதானே எங்களுக்கு நடுவுல வந்துச்சு. அது போயிட்டா அப்புறம் எதுக்குத் தனியா இருக்கணும்? அடுத்த தடவையும் நிக்கச் சொல்லி ஊர்ல கேக்குறாங்களாம். நிக்க மாட்டா. எனக்குத் தெரியும் அவள.

போன மாசம் என் வீட்டுக் குழாய்ல தண்ணி வரல. நானே பாத்துக்கலாம்னு பாத்தேன், முடியல. சரின்னு ஆபீசுக்குப் போனேன். நான் உக்காந்த நாற்காலியில அவ உக்காந்திருக்கா. எனக்கு முன்னால ரெண்டு பேர் நின்னாங்க, அவங்களுக்குப் பின்னால நின்னேன். என் முறை வந்துச்சு. கிளார்க்குதான் நெளியிறான். அவ நெளியல. உக்காரச் சொன்னா. எந்தத் தெரு, எந்த வீடுன்னு கேக்கல, அந்த அளவுக்குத் தெரிஞ்சவளா இருந்தா. என்னைக்கில இருந்து வரலைன்னு கேட்டா. சொன்னேன். சரி, நாளைக்குப் பாக்குறோம்னா.

மறுநாள் காலையிலயே வந்துட்டா, ஆபரேட்டரக் கூட்டிக்கிட்டு. தெருவுல நின்னு அவன் தோண்டுறதப் பாத்துக்கிட்டே இருந்தா. வெயிலு. முந்தானையத் தலையில போட்டுக்கிட்டா. உள்ள வந்து உக்காருன்னு சொல்ல வாய் வரல எனக்கு. எங்கயோ கல்லு அடைச்சிருந்திருக்கு. எடுத்தாங்க. அவ குழாயத் திறந்து, தண்ணியக் கையில பிடிச்சுப் பாத்தா. ‘வருதா?’ன்னா. வருதுன்னேன். முன்னமாதிரி வேகமா வருதான்னா. வருதுன்னேன்.

போறதுக்கு முன்னால எல்லா வீட்டுலயும் கேப்பாளாம், அதே மாதிரி என்கிட்டயும் கேட்டா. ‘வேற ஏதாவது குறை இருக்கா?’

நான் அவளப் பாத்தேன். கன்னத்துல சேறு தெறிச்சிருந்துச்சு. இல்லன்னேன். சரின்னுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டா.

கிளம்பிட்டீங்களா. காப்பிய அப்படியே வச்சிட்டீங்களே, சீனி கூடிருச்சா? சரி, பரவாயில்ல. இந்தத் தெரு முடியிற இடத்துல இடது பக்கம் திரும்புங்க. சத்துணவுக்கூடம் மஞ்சப் பெயிண்ட் அடிச்சிருக்கும். அதுக்கு அடுத்த வீடு. இந்நேரம் வீட்டுலதான் இருப்பா.

நீங்க இங்க வந்ததச் சொல்ல வேணாம்மா. இல்ல, சொல்லுங்க. வந்தேன், காப்பி குடுத்தார்னு சொல்லுங்க. தண்ணி நல்லா வருதுன்னு சொல்லுங்க.